நாலரை மணி பஸ்

2025 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. எங்கள் வானியல் மன்றத்தின் ஆறு அங்குலத் தொலைநோக்கியை மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தியிருந்தோம். ஆறே முக்கால் மணிக்கு வானம் இருட்டத் தொடங்கியதும் வியாழன் தலைக்கு மேலே பளிச்சென்று தெரிந்தது. கண்ணை வைத்துப் பார்த்தால் கோளின் நடுவே இரண்டு பழுப்புப் பட்டைகள், பக்கத்தில் ஒரே கோட்டில் நான்கு நிலவுகள். 1610-ல் கலிலியோ பார்த்துத் திகைத்த அதே நான்கு. பொறியியல் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் எனக்கு, ஒரு மாணவர் முதன்முதலாக அந்த நிலவுகளைப் பார்த்து மூச்சை இழுத்துக்கொள்ளும் அந்த நொடிக்கு ஈடாக எதுவும் இல்லை.

அன்று வந்தவர்கள் பதினோரு பேர். எல்லாரும் ஹாஸ்டல் பையன்கள். ஆயிரக்கணக்கில் மாணவர்கள் படிக்கும் இடம். எல்லாத் துறைகளுக்கும் சர்க்குலர் போயிருந்தது. கேன்டீன் சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தோம். கிளாஸ் ரெப்கள் அத்தனை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டிருந்தார்கள். செய்தி போய்ச் சேரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை லேபில் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி ரெக்கார்டு நோட்டைக் கையெழுத்துக்கு நீட்டிக்கொண்டே கேட்டாள்: “சார், வெள்ளிக்கிழமை ஜூப்பிடர் தெரிஞ்சுதா?”

“நல்லாவே தெரிஞ்சுதும்மா. நீ ஏன் வரலை? போஸ்டர் பார்க்கலையா?”

“பார்த்தேன் சார். குரூப்லயும் வந்துது. என் பஸ்ஸை நாலரைக்கு எடுத்துடுவாங்க சார்.”

அவள் ஊர் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. கல்லூரிப் பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. செய்தி அவளுக்குக் கிடைத்திருந்தது. நான்கு நாள் முன்னதாகவே கிடைத்திருந்தது. அதை வைத்துக்கொண்டு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அவ்வளவுதான்.

வளாகத்தில் நடப்பவை மாணவர்களுக்குத் தெரிவதில்லை என்ற குறை எந்தப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் இறுதியாண்டு புராஜெக்டுக்கு யாராவது ஒரு குழு இதற்கென ஓர் ஆப் செய்துகொண்டு வருகிறது. நிகழ்ச்சிகள் வரிசையாக இருக்கும், தொட்டால் விவரம் வரும், மணி அடித்து நினைவூட்டும். மாணவர்களின் உழைப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்த ஆப்கள் எல்லாமே ‘தெரிந்தால் வருவார்கள்’ என்ற ஒரே நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டவை. அந்த நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம், 1965. லெவந்தால், சிங்கர், ஜோன்ஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் இறுதியாண்டு மாணவர்களிடம் டெட்டனஸ் தடுப்பூசி பற்றிய கையேடுகளைக் கொடுத்தார்கள். சிலருக்குக் கிடைத்தது நோயின் கொடுமையை அச்சமூட்டும்படி விவரித்த கையேடு, சிலருக்கு அமைதியான நடையில் எழுதியது. படித்தபின் கேட்டபோது, பயந்த மாணவர்கள் ஊசி அவசியம் என்று அழுத்தமாகச் சொன்னார்கள். ஆனால் வளாக மருத்துவ மையத்துக்குப் போய் உண்மையில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஏறக்குறைய 3 விழுக்காடு மட்டுமே. பயத்தைக் கூட்டியும் பயனில்லை. இன்னொரு பிரிவினருக்குக் கையேட்டோடு கூடுதலாக ஒரு வளாக வரைபடம் கொடுத்தார்கள். அதில் மருத்துவ மையத்தைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. உங்கள் வார அட்டவணையைப் பார்த்து, எந்த வேளையில் அந்தப் பக்கம் போக முடியும் என்று யோசித்து வையுங்கள் என்றும் சொன்னார்கள். அந்தப் பிரிவில் ஏறக்குறைய 28 விழுக்காட்டினர் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

இவர்கள் இறுதியாண்டு மாணவர்கள் என்பதை மறக்கக் கூடாது. மருத்துவ மையம் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த வரைபடம் புதிதாக எதையும் சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தை அவர்களுடைய செவ்வாய்க்கிழமையோடும் புதன்கிழமையோடும் கோத்துக் கொடுத்தது. எங்கள் வியாழன் போஸ்டரில் பெரிய கோளின் படம் இருந்தது, ‘அனைவரும் வருக’ என்று இருந்தது. கோத்துக் கொடுக்கும் வேலையை மட்டும் யாரும் செய்யவில்லை.

கோக்கவே முடியாத நிலை ஒன்றும் உண்டு. அந்த மாணவிக்கு நேர்ந்தது அதுதான். அதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியவர் ஒரு புவியியலாளர். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த தோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், மனிதர்களின் ஒரு நாளை வரைந்து பார்க்கும் முறையைச் சொன்னார். தரையில் ஊரின் வரைபடத்தை விரித்துக்கொள்ளுங்கள். நேரத்தை அதன் மேல் செங்குத்தாக ஏற்றுங்கள். ஓர் ஆள் நிற்கும்போது அவருடைய கோடு நேராக மேலே ஏறும். நடக்கும்போது சாய்ந்து ஏறும். இந்த இடத்தில் இந்த மணிக்கு இருந்தே ஆக வேண்டும் என்ற இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே அவர் போய்வரக்கூடிய இடங்களையெல்லாம் சேர்த்தால் ஒரு பட்டகம் போன்ற உருவம் கிடைக்கும். அதற்குள் இருப்பது அவருக்கு எட்டும். வெளியே இருப்பது எவ்வளவு சிறப்பானதாக இருந்தாலும் எட்டாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடைசி வகுப்பு மூன்றே முக்காலுக்கு முடிகிறது. பஸ் நாலரைக்கு. நடுவில் 45 நிமிடம். வகுப்பிலிருந்து ஆடிட்டோரியத்துக்கு நடக்க 8 நிமிடம், அங்கிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு 10 நிமிடம். மிச்சம் 27 நிமிடம். ‘மாலை 4 மணி, சிறப்புச் சொற்பொழிவு’ என்று நோட்டீஸ் போட்டால், குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரை முடிந்து, பொன்னாடை போர்த்தும் நேரத்தில் டே ஸ்காலர் எழுந்து ஓட வேண்டியிருக்கும். மேடையில் இருப்பவர்களுக்கு அது மரியாதைக் குறைவாகத் தெரியும். அதனால் அவர் வராமலே இருந்துவிடுகிறார். பிறகு நாம் ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை’ என்கிறோம்.

மனிதரைக் கட்டிவைப்பவற்றை ஹேகர்ஸ்ட்ராண்ட் மூன்றாகப் பிரித்தார். முதலாவது உடலும் வண்டியும் விதிக்கும் வரம்பு: பசி, தூக்கம், நடக்கும் வேகம், நாலரை மணி பஸ். இரண்டாவது, இன்னொருவர் அதே நேரத்தில் அதே இடத்தில் இருந்தால்தான் ஆகும் என்ற நிலை: லேபில் ஜோடி, புராஜெக்ட் குழு, கூட வர ஒரு தோழி. மூன்றாவது அதிகாரம்: இந்த நேரத்துக்குப்பின் இந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்ற விதி. எங்கள் பெண்கள் விடுதியில் ஆறரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். வியாழனைப் பார்க்க அவர்களில் ஒருவர்கூட ஏன் வரவில்லை என்பதற்கு மூன்றாவது வகையே பதில். அவர்கள் அந்த நேரத்தில் மைதானத்திலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி, அதே வானத்தின் கீழ்தான் இருந்தார்கள்.

இதற்குப்பின் மன்றத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு வேலை செய்தேன். ஒரு பெரிய சார்ட்டில் கட்டம் போட்டோம். நெடுக்கில் அரை மணி அரை மணியாக நாள், குறுக்கில் வாரத்தின் ஆறு நாட்கள். ஒரு வகுப்பில் இருந்த எல்லாரையும் கேட்டு, வளாகத்துக்குள் இருந்தும் வகுப்பில் இல்லாத நேரங்களில் புள்ளி வைக்கச் சொன்னோம். ஹாஸ்டலர் நீலம், டே ஸ்காலர் சிவப்பு. நாங்கள் வழக்கமாக நிகழ்ச்சி வைக்கும் மாலை வேளையில், நாலரைக்குமேல் சார்ட் முழுக்க நீலம். சிவப்பு குவிந்திருந்த இடங்கள் இரண்டு. ஒன்று மதிய உணவு வேளை. இன்னொன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை: காலை எட்டேகால் முதல் எட்டே முக்கால் வரை. சாலை நெரிசலுக்குப் பயந்து கல்லூரிப் பஸ்கள் முன்னதாகவே வந்து சேர்ந்துவிடுகின்றன. முதல் மணி அடிக்கும்வரை பிள்ளைகள் படிக்கட்டிலும் மரத்தடியிலும் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அரை மணியில் எந்த மன்றமும் எதையும் நடத்தியதில்லை.

ஆகவே நிகழ்ச்சிகளைத் தேடித் தரும் கருவியை என் கையில் வடிவமைக்கக் கொடுத்தால், முதல் திரையில் நிகழ்ச்சிப் பட்டியலை வைக்க மாட்டேன். அது முதலில் மாணவரிடம் மூன்று விஷயங்கள் கேட்க வேண்டும்: உன் வகுப்பு அட்டவணை எது, எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறாய் அல்லது எந்த விடுதியில் இருக்கிறாய், உனக்குத் துணை தேவையா. அதன்பின் அவருடைய பட்டகத்துக்குள் அடங்குவதை மட்டும் காட்டினால் போதும். அதைவிட முக்கியமானது, அதே கணக்கைத் திருப்பி நிகழ்ச்சி நடத்துபவரிடம் காட்டுவது. ‘நீங்கள் குறித்த நேரத்தில் இத்தனை பேரால் வர முடியாது. வியாழக்கிழமை மதியம் வைத்தால் முடியும்’ என்று ஹால் புக் செய்யும் வேளையிலேயே திரை சொல்ல வேண்டும். மாணவருக்கு அனுப்பும் பத்து நினைவூட்டலைவிட அமைப்பாளருக்குக் காட்டும் இந்த ஒரு வரி அதிகம் சாதிக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். ஏனென்றால் தன் நேரத்தை மாற்றும் அதிகாரம் மாணவரிடம் இல்லை. அமைப்பாளரிடம் இருக்கிறது.

இந்தக் கணக்கைக் கணினி போட வேண்டுமானால் நிகழ்ச்சியின் நாளும் மணியும் இடமும் அதற்குப் புரிய வேண்டும். இங்கேதான் பெரும்பாலான வளாகங்கள் தடுக்கி விழுகின்றன. இன்று ஒரு நிகழ்ச்சி பிறப்பது போஸ்டராக. வடிவமைப்பில் தேர்ந்த மாணவர் ஒருவர் இரவு கண்விழித்து அழகாகச் செய்து படமாக அனுப்புகிறார். நாள், மணி, இடம் மூன்றும் அந்தப் படத்துக்குள் நிறப்புள்ளிகளாகப் புதைந்துவிடுகின்றன. நான்கு நாள் கழித்து குரூப்பில் தேடினால் கிடைக்காது. அட்டவணையில் தானாக ஏறாது. இடம் மாறினால் ‘வென்யூ சேஞ்ச்டு’ என்று தனியாக ஒரு வரி வரும். பழைய படம் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

இதற்கான தீர்வு 1998-லேயே வந்துவிட்டது. ஐகேலண்டர் என்ற பொது வடிவம். தொடக்கம், முடிவு, இடம், தலைப்பு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மாறாத ஓர் அடையாள எண் என்று வெறும் எழுத்து வரிகளாக எழுதி வைக்கும் எளிய முறை. எந்த போனின் நாட்காட்டியும் அதைப் படிக்கும். அந்த அடையாள எண்தான் இதன் உயிர். இடமோ நேரமோ மாறினால், அதே எண்ணோடு திருத்தம் வரும். போனிலுள்ள பழைய பதிவு தானே மாறிக்கொள்ளும். போஸ்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் நான்கு வரிகளை நிரப்பட்டும், அதிலிருந்து போஸ்டர் பிறக்கட்டும். இன்று நடப்பது தலைகீழாக இருக்கிறது.

போஸ்டரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிதாகப் போட்டால் கண்ணில் படும் என்று நாம் நினைக்கிறோம். 1998-ல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பென்வே, லேன் இருவரும் இணையப் பக்கங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். தேடச் சொன்ன விவரத்துக்கான வழியைப் பக்கத்தின் உச்சியில் பெரிய பட்டையாக, பளிச்சென்று வைத்தார்கள். பலர் அதைத் தாண்டிப்போய்க் கீழே உள்ள சிறிய எழுத்துகளில் தேடினார்கள். பளிச்சென்று இருப்பது விளம்பரம், நமக்கானதல்ல என்று கண் பழகிவிட்டிருந்தது. பதாகைக் குருடு என்று இதைச் சொல்லலாம். எங்கள் கேன்டீன் சுவரும் அப்படித்தான். போன செமஸ்டர் சிம்போசியம், கோச்சிங் சென்டர், ரத்ததான முகாம், அதன் மேல் எங்கள் வியாழன். சுவர் மொத்தமும் ஒரே நிறக்குழம்பாகிவிட்டபின் யாரும் அதைப் படிப்பதில்லை.

எங்கே படிப்பார்கள்? நிற்க வேண்டியிருக்கும் இடத்தில். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் திருமணமான மாணவர்களுக்கான வெஸ்ட்கேட் குடியிருப்பைப் பற்றி ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் ஆகியோர் 1950-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுவது. யார் யாருக்கு நண்பர் என்பதை வீட்டுக் கதவுகளின் நடுவே இருந்த தூரமே பெரிதும் தீர்மானித்தது. மாடிப்படிக்குப் பக்கத்திலும் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்திலும் குடியிருந்தவர்களுக்குப் பழக்கம் அதிகம். எல்லாரும் கடந்தே ஆக வேண்டிய இடங்கள் அவை. எங்கள் வளாகத்தில் தபால் பெட்டிக்கு இணையான இடம் எது என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது ஜெராக்ஸ் கடை. இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய நாள் அங்கே கால் மணி நேரமாவது எல்லாரும் நிற்கிறார்கள். கையில் வேலை இல்லை, கண் மட்டும் அலைகிறது. அங்கே ஒரே ஒரு தாள், வாரம் ஒருமுறை மாற்றப்படும் தாள், கேன்டீன் சுவரின் முப்பது போஸ்டருக்குச் சமம்.

கணினிவழிப் பொது அறிவிப்புப் பலகையும் இப்படி ஒரு நிற்கும் இடத்தில்தான் முதன்முதலாக வந்தது என்பது எனக்குப் பிடித்த வரலாறு. 1973 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தை ஒட்டி, மாணவர்கள் புழங்கும் லியோபோல்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையில், இசைக்கலைஞர்களின் அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு டெலிடைப் எந்திரத்தை வைத்தார்கள். சத்தம் அடங்க அதை அட்டைப்பெட்டிக்குள் பொதிந்திருந்தார்கள். தொலைபேசிக் கம்பி வழியே சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த பெரிய கணினியோடு அது பேசியது. கம்யூனிட்டி மெமரி என்று பெயர். யார் வேண்டுமானாலும் ஒரு செய்தியைப் போட்டு, அதற்குச் சில குறிச்சொற்களையும் தாங்களே கொடுக்கலாம். அந்தச் சொற்களை வைத்து யாரும் தேடி எடுக்கலாம். வேலை, வாடகை வீடு போன்றவை வரும் என்று அமைத்தவர்கள் எதிர்பார்த்தார்கள். அவற்றோடு டிரம்மர் தேடும் இசைக்குழுக்களும் வந்தன. நல்ல பேகல் ரொட்டி எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார். கடைகளின் பெயர்களோடு, செய்யவே கற்றுத் தருகிறேன் என்று ஒரு பழைய ரொட்டிக்காரரிடமிருந்தும் பதில் வந்தது. எந்தப் பலகையை மக்கள் ஏற்கெனவே நின்று படித்தார்களோ, அதன் அருகிலேயே எந்திரத்தை வைத்தது பெரிய முடிவு.

வாட்ஸ்அப்பில் மட்டும் ஏன் செய்தி ஒரே வட்டத்துக்குள் சுழல்கிறது என்பதற்கும் ஒரு பழைய விளக்கம் இருக்கிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், பாஸ்டனுக்குப் பக்கத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம், உங்களுக்குச் செய்தி சொன்னவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் ஏறக்குறைய 17 விழுக்காட்டினர்தான் ‘அடிக்கடி’ என்றார்கள். 56 விழுக்காட்டினர் ‘எப்போதாவது’, 28 விழுக்காட்டினர் ‘அபூர்வமாக’. 1973-ல் வந்த அந்தக் கட்டுரையின் வாதம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். புதுச் செய்தி மெல்லிய பழக்கங்கள் வழியாகத்தான் வரும். மெக்கானிக்கல் மாணவரின் குரூப்பில் மெக்கானிக்கல் செய்திதான் வரும். தமிழ் மன்றத்தில் சிறுகதை பற்றிப் பேச்சு இருப்பது அவருக்கு யார் சொல்வார்? ஒரே பஸ்ஸில் வரும் வேறு துறைப் பெண் சொல்வாள். வகுப்பு வாரியாகக் குரூப் இருப்பதுபோல் பஸ் ரூட் வாரியாகவும் ஒன்று இருந்தால் துறைச் சுவர்களைத் தாண்டிச் செய்தி போகும். கூடவே, அந்த பஸ்ஸில் வருபவர்கள் எல்லாருக்கும் பட்டகமும் ஏறக்குறைய ஒன்றே.

ஆப் செய்யும் மாணவர்களிடம் நான் சற்றுக் கண்டிப்பாகப் பேசும் இடம் ஒன்று உண்டு. ‘இத்தனை பேர் வருகிறார்கள்’ என்ற எண்ணிக்கையை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பக்கத்தில் போடுவார்கள். உற்சாகம் தரும் என்பார்கள். சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் 2006-ல் வெளியிட்ட சோதனையை அவர்களுக்குச் சொல்வேன். பெயர் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்தார்கள். 14,341 பேர் கேட்டார்கள். ஒரு பிரிவினருக்கு எண்ணிக்கை எதுவும் காட்டவில்லை. மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் எந்தப் பாடலை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்பதைக் காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் முன்னால் இருந்த பாடல்கள் மேலும் மேலும் ஓடின, பின்னால் இருந்தவை இன்னும் பின்தங்கின. எது முன்னால் போகும் என்பதோ உலகுக்கு உலகு மாறியது. எண்ணிக்கை காட்டாத பிரிவில் 26-ஆம் இடத்தில் இருந்த பாடல், ஓர் உலகத்தில் முதலிடத்திலும் இன்னோர் உலகத்தில் 40-ஆம் இடத்திலும் முடிந்தது. முதல் சிலர் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதே விதியாகிவிட்டது. வளாகத்தில் கல்ச்சுரல்ஸ் டிஜே நைட்டுக்கு எண்ணிக்கை தேவையே இல்லை. பறவை பார்க்கும் குழுவுக்குப் பக்கத்தில் ‘3 பேர்’ என்று போட்டால் அதைக் கொன்றதாகிவிடும். எண்ணைக் காட்டுவதைவிட, ‘உன் பஸ்ஸில் வரும் ஒருவர் போகிறார், சேர்ந்து போகலாமா’ என்று, அவர் சம்மதம் கொடுத்திருந்தால் மட்டும், சொல்வது மேல். தனியாகப் போய் ஒரு மூலையில் நிற்கத் தயங்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது வகுப்பறையில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

சரி, சினிமா பரிந்துரைப்பதுபோல் நிகழ்ச்சியையும் கணினி பரிந்துரைக்காதா என்று கேட்பார்கள். அந்த முறையின் ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று 1994-ல் வந்த குரூப்லென்ஸ். உன்னைப் போலவே மதிப்பெண் போட்டவர்கள் விரும்பியதை உனக்கும் காட்டு என்பதே அதன் அடிப்படை. படம் என்றால் பத்தாயிரம் பேர் பார்த்துக் கருத்துச் சொன்னபின் பத்தாயிரத்து ஒன்றாவது ஆளுக்குப் பரிந்துரைக்கலாம். நிகழ்ச்சி ஒருமுறைதான் நடக்கும். எப்படி இருந்தது என்று யாராவது சொல்லும்போது நாற்காலிகளை அடுக்கிவிட்டிருப்பார்கள். எனவே நிகழ்ச்சியை விட்டுவிட்டு அதை நடத்தும் மன்றத்தையும் பேசும் பொருளையும் பிடித்துக்கொள்ள வேண்டும். அதோடு கொஞ்சம் துணிந்து, பழகாத ஒன்றையும் காட்ட வேண்டும். 1933-ல் தாம்ப்சன் என்பவர் இதைப்போன்ற சிக்கலை மருத்துவத்தில் எடுத்துக்கொண்டார். இரண்டு சிகிச்சைகளில் எது நல்லது என்று முழுதாகத் தெரியாதபோது நோயாளிகளை எப்படிப் பிரித்து அனுப்புவது? நல்லதென்று தோன்றும் பக்கம் அதிகம் பேரையும், சந்தேகம் தீராத பக்கம் கொஞ்சம் பேரையும் அனுப்பு, தெளிவு கூடக்கூட விகிதத்தை மாற்று என்பது அவர் வழி. முதலாமாண்டு மாணவர் என்றால் சந்தேகம் மிக அதிகம். தனக்கு என்ன பிடிக்கும் என்பது அவருக்கே தெரியாத வயது. அவருக்குக் காட்டும் ஐந்தில் இரண்டு, அவர் கேள்வியே பட்டிராததாக இருக்கட்டும். இறுதியாண்டில் அது ஒன்றாகக் குறையலாம். பூஜ்யமாகக் கூடாது.

கேள்வியே படாதவை என்று சொல்லும்போது என் மனத்தில் இருப்பவர்கள் முதல் பட்டதாரிகள். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி கல்லூரி வயதினரின் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4, தமிழ்நாட்டில் 47. குடும்பத்தில் யாரும் கல்லூரி வாசலை மிதித்திராத வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்பது நமக்குப் பெருமை. ஆனால் நம் நோட்டீஸ் அவர்களை மனத்தில் வைத்து எழுதப்படுவதில்லை. ‘கெஸ்ட் லெக்சர்’, ‘வொர்க்‌ஷாப்’, ‘பேனல் டிஸ்கஷன்’ என்று ஆங்கிலத்தில் ஓடும். உள்ளே என்ன நடக்கும், கேள்வி கேட்டு எழுப்பி நிற்க வைப்பார்களா, பணம் கட்ட வேண்டுமா, ஓ.டி. வருகைப்பதிவு கிடைக்குமா, இடையில் எழுந்து போகலாமா, இது எதுவும் இருக்காது. வின்சென்ட் டின்டோ 1975-ல் எழுதியதிலிருந்து கல்வியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, மாணவர் படிப்பைப் பாதியில் விடுவதில் அவர் அந்த வளாகத்தோடு ஒட்டினாரா இல்லையா என்பதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது. ஒட்டுவது இப்படிப்பட்ட சின்ன அழைப்புகளில்தான் தொடங்குகிறது. எங்கள் மன்றத்து நோட்டீஸை இப்போது இப்படி எழுதுகிறோம்: ‘நின்றுகொண்டு பார்க்கலாம். இரண்டு நிமிடம் போதும். கட்டணம் இல்லை. எந்தத் துறையும் வரலாம். தமிழில் விளக்குவோம்.’ கோளின் படத்தைச் சிறிதாக்கிவிட்டோம்.

எத்தனை முறை சொல்வது என்பதும் வடிவமைப்புதான். செய்தி பெருகப் பெருகக் கவனம் வறண்டுபோகும் என்பதை ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே எடுத்துச் சொன்னார். நாளுக்கு ஒன்று, காலையில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், அன்று எட்டக்கூடிய நிகழ்ச்சிகள் மட்டும். அதற்குமேல் மணி அடித்தால் மாணவர் மொத்தத்தையும் மியூட்டில் போட்டுவிடுவார். பம்பாய் ஐ.ஐ.டி. மாணவர்கள் தங்கள் வளாகத்துக்காக எழுதிய இன்ஸ்டிஆப்பில் நிகழ்ச்சிகளோடு மெஸ் மெனுவும் இருப்பதை முதலில் பார்த்தபோது எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. இன்று இரவு சப்பாத்தியா, பரோட்டாவா என்று பார்க்க மாணவர் தானாகவே அதைத் திறப்பார். அழைக்காமலே அவர் வந்து நிற்கும் இடம் அது, வெஸ்ட்கேட்டின் தபால் பெட்டிபோல.

மார்ச்சில் நாங்கள் தொலைநோக்கியைப் பகலில் எடுத்து வைத்தோம். சார்ட்டில் சிவப்புப் புள்ளிகள் குவிந்திருந்த மதிய உணவு வேளையில், பஸ் நிற்கும் இடத்துக்குப் போகும் வழியிலேயே. சூரியன் தன் ஏறக்குறைய 11 ஆண்டுச் சுழற்சியின் உச்சத்தை ஒட்டியிருந்த காலம். கரும்புள்ளிகளுக்குக் குறைவில்லை. யாரும் குழாய்க்குள் கண்ணை வைத்துவிடக் கூடாது என்று இரண்டு பேரைக் காவலுக்கு நிறுத்தி, சூரியனின் பிம்பத்தைப் பின்னால் பிடித்த வெள்ளை அட்டையில் விழவைத்தோம். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வெளிச்ச வட்டம், அதில் மிளகு தெளித்ததுபோல் நான்கைந்து புள்ளிகள்.

அந்த இரண்டாமாண்டு மாணவி டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டே வந்து நின்றாள். ஒரு புள்ளியைக் காட்டி, “இது எவ்ளோ பெரிசு சார்?” என்றாள்.

“நம்ம பூமியைத் தூக்கி உள்ள போடலாம்மா.”

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நாளைக்கும் இது இருக்குமா சார்?”

“இருக்கும். சூரியன் சுத்துதுல்ல, அதனால இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். எவ்ளோன்னு நீயே அளந்து பாரு.”

என் பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கொடுத்தேன். அட்டையில் வட்டத்தின் விளிம்பை வரைந்து, புள்ளி இருந்த இடத்தைக் குறித்து, பக்கத்தில் தேதியை எழுதினாள். மறுநாள் பன்னிரண்டே முக்காலுக்கு நான் தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டாள். கூட அவள் பஸ்ஸில் வரும் நான்கு பேர், ஆளுக்கொரு டிபன் பாக்ஸோடு.